நான் தலைமை தாங்கிய பாராட்டு விழா

"முழுசா படிக்கணுமா தாத்தா?"

மேடையில் மைக் முன்னால் நின்று இந்துமதி என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். பதினோராம் வகுப்புப் பெண். கையில் நாலைந்து தாள். சாயங்காலக் காற்றில் அந்தத் தாள் படபடத்தது நாலு ஹார்ன் ஸ்பீக்கரிலும் கேட்டது. அவ்வளவு சுத்தமான மைக்.

"ஒரு எழுத்து விடாம படி கண்ணு. என் மைக்கு எவ்ளோ நேரம்னாலும் தாங்கும்" என்றேன்.

கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் மளிகைக் கடை பஷீர் பாய் மட்டும் கை தட்டாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தும்மலை அடக்குகிறார் என்று நினைத்தேன். அது சிரிப்பு.

அந்தத் தாளில் இருந்தது என்னைப் பற்றி. நான் அடைத்து வைத்திருந்த பாதையைப் பற்றி. அது தெரியாமல் அந்தப் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு ஆள். அவர்தான் விழாத் தலைவர்.

என்னைத் தெரியாதவர்களுக்கு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். மற்றவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளலாம்.

நான் கன்னியப்பன். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ்ஸில் ஏறி, 'மைக்காரர் ஊர்' என்றால் கண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். ஊருக்கு வேறு பேர் ஒன்று உண்டு. அது கிராமக் கணக்கில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

படிப்பு ஐந்தாவதோடு நின்றது. முதலில் மைக் செட்டுக்காரரிடம் பேட்டரி தூக்கினேன். பிறகு ஹார்ன் தூக்கினேன். இன்றைக்கு என் சாமானைத் தூக்க மூன்று லாரி. திருமுக்கூடலில் கல்யாணமா, கூரத்தில் காதுகுத்தா, பந்தலிலிருந்து பாத்திரம் வரை கன்னியப்பன் சவுண்ட் சர்வீஸ்தான். இதை எழுதுவதும் நானே. எழுத்துப் பிழை பார்ப்பது மட்டும் ஆசிரியர் குழு. அவர்களுக்கும் ஒரு வேலை வேண்டாமா?

எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஆயிரம் மேடை போட்டிருக்கிறேன், ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. நாற்காலியைத் துடைத்து வரிசையாகப் போட்டுவிட்டு இறங்கி ஆம்ப்ளிஃபயர் பக்கம் போய்விட வேண்டும். அதுதான் தொழில். ஒரு முறை ஒரு பெரிய அதிகாரி எழுந்து போனதும் அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது. "யோவ், எழுந்திரு, நாற்காலிய எடுக்கணும்" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் என்னிடம் வேலை செய்கிற ஆள். முதுகைப் பார்த்து என்னை யாரோ என்று நினைத்துவிட்டான்.

அதனால்தான் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் மாநிலத்தில் முதல் பரிசு வாங்கினார்கள் என்று கேட்டதும் எனக்குள் ஒரு மணி அடித்தது. பந்தல் என்னுடையது. மேடை என்னுடையது. நாற்காலி என்னுடையது. நடுநாற்காலியில் உட்காரவும் நானே போதும்.

பிள்ளைகள் ஜெயித்த விதம்

செய்தியைக் கொண்டுவந்தது பஷீர் பாய். அவர் மகன் தமீம் அந்தக் குழுவில் ஒருவன். இந்துமதி ஒருத்தி. ஏரிக்கரைத் தெரு மோகனா ஒருத்தி. மூன்றே பேர்.

அது குடிமையியல் போட்டி. புத்தகத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் பொதுப் பிரச்சினை ஒன்றை எடுக்க வேண்டும். அதற்கு எந்தச் சட்டம், எந்த ஆபீஸ், யாரிடம் மனு கொடுப்பது, பதில் வராவிட்டால் அடுத்து யார் என்று அலைந்து கண்டுபிடிக்க வேண்டும். தீர்க்க வழி எழுத வேண்டும். பிறகு நடுவர்கள் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பார்கள்.

சென்னையில் இறுதிச் சுற்று. டை கட்டிய பெரிய பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்களாம். நடுவர் ஒருவர், "உத்திரமேரூர் பக்கமா? அப்ப கல்வெட்டு, குடவோலை, அதைத்தானே சொல்லப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எங்கே போனாலும் இந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கும். தமீம் எழுந்து, "இல்ல சார், அத பாத்துக்க ஆளு கீது. நாங்க சொல்லப் போறத பாத்துக்கத்தான் ஆளு இல்ல" என்றானாம்.

"எதப் பத்தி பாய் எழுதிச்சுங்க?" என்று நான் கேட்டேன்.

"பொதுப் பாதையாம் நைனா. எவனோ அடைச்சி வச்சிக்கினு கீறானாம்."

"ஐயோ, நல்ல விஷயமாச்சே! அப்பிடிப்பட்டவன சும்மா வுடக் கூடாது."

பாய் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா நைனா, வுடவே கூடாது" என்று சொல்லிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவசரமாக எழுந்து போனார்.

மூங்கில் ஷெட் ஆன கதை

உங்களுக்குக் கேள்வி வரும். ஒரு மனிதனுக்கு, தான் அடைத்த பாதை தெரியாதா?

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அது பாதையாகவே ஞாபகத்தில் இல்லை. என் வீட்டுப் பக்கவாட்டில் ஓடிப் பள்ளியின் பின்வாசல் வரை ஒரு வண்டித் தடம் இருந்தது. ஒரு திருவிழா சமயத்தில், இடம் இல்லாமல் அங்கே மூங்கிலைச் சாய்த்து வைத்தேன். மழை வந்தது. மூங்கில் நனையுமே என்று மேலே தகரம் போட்டேன். தகரம் போட்டதும் நிழல் வந்தது. நிழல் இருக்கிறதே என்று நாற்காலியை அடுக்கினேன். நாற்காலி இருந்தால் திருட்டுப் பயம் வருமா வராதா? கதவு வைத்துப் பூட்டினேன். கதவு மொட்டையாக இருக்கிறதே என்று என் பேரை எழுதினேன்.

பிடுங்க வேண்டும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. சாமான் தானாகவே வளர்ந்தது. 'ஷெட்டுல இருக்கு, ஷெட்டுல எடு' என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, அதற்கு முன் அது என்னவாக இருந்தது என்பதே மறந்துபோயிற்று. பிள்ளைகள் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். குவாரி லாரிகள் ஓடுகிற ரோடு. 'இந்த லாரிக்காரங்களுக்குக் கண்ணே கிடையாது' என்று திட்டியும் இருக்கிறேன். என் கண்ணைப் பற்றி யோசிக்கவில்லை.

தடுத்துப் பார்த்தவர்கள்

விழா வேலை ஆரம்பித்தது. பேனர் அடித்தேன். என் படத்தை ஆள் உயரத்துக்குப் போட்டு, கைகூப்பி நிற்கிற மாதிரி. பிள்ளைகள் படமும் போட்டேன். கீழே, ஓரத்தில், தீப்பெட்டி அளவில்.

என் மனைவி சரோஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேனரைப் பார்த்தாள்.

"பரிசு வாங்கினது நீயா அதுங்களா?"

"விழாத் தலைவர் படம் பெருசாத்தான் இருக்கணும். அது முறை."

"அதுங்க இன்னா எழுதிச்சுங்கன்னு எதுக்கும் ஒரு தபா கேட்டுக்க."

"அதான் மேடையில படிக்கப் போவுதே, அப்ப கேட்டுக்கினா போச்சி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் முகத்தைத் திருப்பினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு அர்த்தம் பார்க்க நேரமில்லை. சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தேன்.

தலைமை ஆசிரியை அம்மா இரண்டு முறை வீட்டுக்கே வந்தார். தங்கமான மனுஷி, யாரையும் அதிர்ந்து பேசத் தெரியாது.

"ஐயா, அந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டாம். நேரம் ஆகும். சின்னப் பசங்க டான்ஸ் வச்சிக்கலாம்."

"டான்ஸ் ஆடியா டீச்சர் ஜெயிச்சாங்க? எதுக்குப் பரிசு குடுத்தாங்கன்னு தெரியாம சால்வ போத்தினா, அந்தச் சால்வைக்கு இன்னா மரியாத கீது?"

"அதுல சில விஷயம்... உங்களுக்கு வருத்தமா..."

"அஞ்சாவது படிச்சவனுக்குப் புரியாதுன்றீங்களா?"

அந்த அம்மா பதறி, "ஐயையோ, அப்படி இல்லீங்க" என்று எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சுவிட்சின் மேல் விரல்

இந்துமதி படிக்க ஆரம்பித்தாள். நான் நடுநாற்காலியில் இருந்தேன். பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர். தலைவராகவே இருந்தாலும் அதை இன்னொருவன் கையில் விட எனக்கு மனசு வராது.

"எங்கள் பள்ளியின் பின்வாசலுக்கு ஊரிலிருந்து நேராக ஒரு வண்டிப் பாதை இருந்தது. கிராம வரைபடத்தில் இன்றும் இருக்கிறது. நிலத்தில் இல்லை."

அழகாக எழுதியிருக்கிறாளே என்று தலையை ஆட்டினேன். தலைமை ஆசிரியை பக்கம் சாய்ந்து, "எவன் டீச்சர் அவன்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, "கேளுங்க ஐயா, வரும்" என்றார்.

"அந்த இடத்தில் இப்போது பந்தல் சாமான் வைக்கும் தகர ஷெட் ஒன்று உள்ளது."

முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நமக்குத் தெரியாமல் ஊரில் இன்னொருத்தன் பந்தல் தொழில் ஆரம்பித்துவிட்டானா! எவன் அவன் என்று கூட்டத்தில் தேடினேன். கூட்டம் முழுக்க என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் விளங்கிற்று. உட்கார்ந்திருந்த நாற்காலி கால் இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. கை தானாகப் போய் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சின் மேல் உட்கார்ந்தது.

ஒரு தட்டு. ஃபியூஸ் போச்சு என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பெண்ணின் குரல் மேடையைத் தாண்டாது. விழா முடிந்துவிடும், ஷெட் நிற்கும்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது நான் மைக்கை அணைத்ததே கிடையாது. ஒரு கல்யாணத்தில் தாய்மாமனுக்கு மாலை போட மறந்துவிட்டார்கள். அவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு சம்பந்தி வீட்டை நாலு தலைமுறை இழுத்துத் திட்டினார். மாப்பிள்ளையின் அப்பா என் காலில் விழாத குறையாக, "அணைச்சிடுப்பா, அணைச்சிடுப்பா" என்றார். நான் அணைக்கவில்லை. மாமன் திட்டித் திட்டித் தொண்டை வறண்டு, கடைசியில் தண்ணீர் வாங்கிக் குடித்து, அதே மைக்கில் பதினாறும் பெற்று வாழ்க என்று வாழ்த்திவிட்டுத்தான் இறங்கினார். அணைத்திருந்தால் அந்தச் சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கும்.

மைக்கைக் கொடுத்தால் கொடுத்ததுதான். இதை நான் ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்.

சுவிட்சின் மேல் விரலை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பாதை அடைபட்டதால் மாணவர்கள் லாரிகள் செல்லும் சாலையில் சுற்றி வருகிறோம். மோகனாவின் தங்கை சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து கை முறிந்தது. இதுவரை இதைப் பற்றி யாரும் புகார் தரவில்லை. ஷெட்டின் உரிமையாளரிடமும் யாரும் கேட்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. கேட்டால் ஒருவேளை கொடுத்துவிடுவார். ஆனால் எங்கள் ஊர்க் கோயில் விழா, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் பந்தல் அவருடையது. கிராம சபையில் எழுந்து கேட்கலாம் என்றால், அங்கே வைக்கிற மைக்கும் அவருடையது."

அந்த வரியைப் படித்ததும் அவள் தாளைத் திருப்பினாள். பிறகு நிமிர்ந்து நின்று தொடர்ந்து படித்தாள்.

நான் யார் பேச்சையும் அணைத்ததில்லை, உண்மைதான். மைக் முன்னால் பேசவே வராதவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

விரலை எடுத்தேன். சத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது. வால்யூம் திருகைப் பிடித்து ஒரு சுற்று ஏற்றி வைத்தேன். எதை ஊர் கேட்டாலும் கரகரப்பில்லாமல் கேட்க வேண்டும்.

தலைமையுரை

அவள் படித்து முடித்தாள். யாரும் கை தட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது தலைமையுரை. என் வாழ்க்கையில் முதல் தலைமையுரை. ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று தயார் செய்தது. அதில் ஒரு வார்த்தை நினைவில் இல்லை.

எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இந்தப் புள்ளைங்க ஸ்டேட் ஃபர்ஸ்ட்டு. சந்தோஷம். எதப் பத்தி எழுதி ஸ்டேட் ஃபர்ஸ்ட்டு? என் ஷெட்டப் பத்தி. நான் அந்தப் பாதைய அடைக்கலன்னா, இதுங்க எதப் பத்தி எழுதியிருக்கும்? சென்னையில போயி இன்னா பேசியிருக்கும்? ஆகவே இந்த வெற்றியில எனக்கும் பங்கு கீதுன்னு தாழ்மையோட சொல்லிக்கிறேன்!"

பிறகு பஷீர் பாய் வாயிலிருந்து கையை எடுத்தார். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஆளும் சிரித்து, பந்தலே சிரித்தது. தலைமை ஆசிரியை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பாலா பயம் விட்டதாலா தெரியவில்லை. பெண்கள் வரிசையில் சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள்.

நானும் சிரித்து உட்கார்ந்திருப்பேன். விழா நல்லபடி முடிந்திருக்கும். ஷெட்டும் நின்றிருக்கும். அதுதான் உண்மை. சிரிப்பில் கரைந்துபோன விவகாரம் எங்கள் ஊரில் எத்தனையோ உண்டு.

இந்துமதி விடவில்லை. இரண்டாவது மைக்கை எடுத்தாள். அதுவும் என்னுடையதுதான்.

"தாத்தா, எப்ப எடுப்பீங்க?"

"எடுத்துடலாம் கண்ணு."

"எப்பன்னு கேட்டேன்."

"பாத்துச் சொல்றேன்மா."

"எங்க திட்டத்துல முதல் கட்டம், உரிமையாளர்கிட்ட எழுத்துல சம்மதம் கேக்கறது. அவர் குடுத்துட்டா மனு, ஆபீஸு எதுவுமே தேவையில்ல. தாள் கொண்டாந்திருக்கேன்."

தமீம் பேனாவை நீட்டினான். அவன் அப்பா கீழேயிருந்து, "போடு நைனா, போடு, ஸ்டேட் ஃபர்ஸ்ட்டு கையெழுத்து!" என்று கத்தினார்.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. மற்றவர்களுக்கு அது வேடிக்கை. அவளுக்கு அது நாளைக் காலையில் எந்த ரோட்டில் போவது என்கிற கேள்வி.

"பொங்கல் தாண்டி ஒரு வாரம்" என்றேன் மைக்கில். நாலு ஹார்னிலும் கேட்கச் சொன்னது. கையெழுத்து போட்டேன். இனிஷியலோடு.

அப்போது தட்டினார்கள் கை! என் மேடை, என் நாற்காலி எதற்கும் இதுவரை கேட்காத கைதட்டல். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

சங்கிலி இழுத்த நாள்

சொன்ன வாரத்தில் ஷெட்டைப் பிரித்தேன். சாமான் முழுக்க வீட்டு வாசலில். "படி எறங்கினா நாற்காலி, திரும்பினா அண்டா. நான் எந்தப் பக்கமா நடக்கறது? என் பாதைய யாரு மீட்டுக் குடுப்பா?" என்று சரோஜா தினமும் கேட்டாள். அவள் எந்தப் போட்டியிலும் சேரவில்லை என்பது என் பாக்கியம்.

பாதையின் எல்லையை அளக்கச் சர்வேயர் வந்து அளவுச் சங்கிலி பிடித்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. பஷீர் பாய்க்குத்தான் எல்லாரையும்விடக் குஷி. "நல்லா இழுத்துப் புடிங்க சார், ஒரு அடி வுடாதீங்க" என்று யோசனை சொல்லிக்கொண்டே சங்கிலியோடு நடந்தார். சங்கிலி என் எல்லையைத் தாண்டிப் பாதை தெருவில் சேருகிற முனைக்குப் போயிற்று. அங்கே பாய் கடையின் படிக்கட்டு இரண்டு அடி பாதைக்குள் இருந்தது.

பாய் சங்கிலியைப் பார்த்தார். படியைப் பார்த்தார். கடைசியாகத் தன் மகனைப் பார்த்தார்.

"எழுத்துல சம்மதம் குடுத்துடுங்க அத்தா" என்றான் தமீம். "தாளு என்னாண்டயே கீது."

"இன்னா பேஜாரா போச்சி நைனா" என்று பாய் என் தோளில் சாய்ந்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பாதை திறந்த முதல் திங்கட்கிழமை, பள்ளி மணிக்கு முன்னாலேயே குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அங்கே போய் நின்றேன். ரிப்பன், மாலை ஒன்றும் வைக்கவில்லை. தலைமை ஆசிரியை அம்மா வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சும்மா நின்றேன். புது மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை விட்டு இறுக்கியிருந்தது. அந்த முனையில் பள்ளியின் பின்வாசல் கதவு அகலமாகத் திறந்திருந்தது. அது திறந்திருந்து நான் பார்த்ததே இல்லை.

பிள்ளைகள் வந்தார்கள். வரிசையாகச் சைக்கிள். முன்னால் இந்துமதி, அவள் பின்னால் மோகனா, மோகனாவின் கேரியரில் கை குணமான தங்கை.

நான் நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு வார்த்தை பேசத் தொண்டையைச் செருமினேன். இந்தப் பாதைக்காக நான் விட்டுக்கொடுத்த இடம் எவ்வளவு, அதில் எத்தனை நாற்காலி அடுக்கலாம் என்பதிலிருந்து ஆரம்பிப்பதாக இருந்தேன்.

கிணிங் கிணிங் என்று மணி அடித்தது.

"தாத்தா, நடுவுல நிக்காதீங்க! வழி வுடுங்க!"

ஒதுங்கி நின்றேன்.